இழந்த இழுவையை வீட்டிலேயே மீட்பது

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தைப் பல வருஷங்களாக மூன்றாம் கியரிலேயே ஏறி வந்த என்னுடைய 100 சி.சி. வண்டி, ஒரு கோடைக்காலத்தில் திடீரென்று அந்த ஏற்றத்தின் பாதியிலேயே திணறி, இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. வழக்கமாகச் செல்லும் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், குணம் தெரியவில்லை. ஜெட்டை மாற்றினார்கள்; அதுவும் பயன்படவில்லை. மூன்றாவது முறை சென்றபோது, போர் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் செலவுக்குத் துணிவு வராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். அது அரைச் சுற்றுகூடச் சுற்றாமல் நின்றுவிட்டது. முந்திய மாதம் செயினை இறுக்கியபோது சக்கரம் பின்னோக்கி நகர்ந்து, பிரேக் கம்பி இழுபட்டு, பிரேக் ஷூ டிரம்மை இடைவிடாமல் உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கம்பியின் நுனியிலுள்ள நட்டை நான்கு சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான் வேலை, அடுத்த வாரமே வண்டி பழையபடி மூன்றாம் கியரில் தொப்பூரை ஏறியது.

இந்த அனுபவம் எனக்குக் கற்பித்த முறையைத்தான் இந்த அத்தியாயம் பின்பற்றுகிறது. நம் சாலைகளில் ஓடும் 100 சி.சி. வண்டியின் எஞ்சின் தருவது ஏறத்தாழ ஏழெட்டுக் குதிரைத் திறன்தான். வீட்டில் இருந்துகொண்டு அதற்குமேல் ஒரு குதிரையைக்கூட நாம் சேர்த்துவிட முடியாது. ஆனால் எஞ்சினில் பிறந்த சக்தி தரையை அடைவதற்குள் செயினிலும் பிரேக்கிலும் டயரிலும் கிளட்சிலும் சிறுகச் சிறுகச் சிந்திப் போவதை நாம் தடுக்க முடியும். ஆகையால் வேலையைத் தரையிலிருந்து தொடங்கி, சக்கரம், செயின், கிளட்ச், காற்று, நெருப்பு என்று உள்நோக்கிச் சென்று, எல்லோரும் முதலில் கைவைக்கும் கார்புரேட்டரைக் கடைசியில் தொடுவதே உசிதமான கிரமம். இங்கே சொல்லப்படுபவை 100 முதல் 150 சி.சி. வரையுள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை மனத்தில் கொண்டவை. 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்து, பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் ஏற்பாடு வந்துவிட்டபடியால், அவற்றை உடையவர்கள் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றை அப்படியே கொள்ளலாம்.

எந்த வேலையையும் தொடங்குமுன் ஒரு பரீட்சை அவசியம். அது இல்லாவிட்டால், செய்த வேலைக்குப் பலன் உண்டா என்பதை மனப்பிரமைதான் தீர்மானிக்கும். போக்குவரத்து இல்லாத விடியற்காலையில், மேடு பள்ளமில்லாத நேர்ச்சாலை ஒன்றைத் தேர்ந்து, ஓரத்தில் நிற்கும் மின்கம்பம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கைத் தொடாமல் வண்டி தானாக நிற்கும் வரை போகவிட்டு, எத்தனை கம்பம் தாண்டிற்று என்று எண்ணுங்கள். காற்று வீசும் திசையின் பிழை நீங்குவதற்காக எதிர்த் திசையிலும் ஒருமுறை செய்து, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு இதில் பங்கே இல்லை என்பதால், சக்கரமும் செயினும் பிரேக்கும் எவ்வளவு விழுங்குகின்றன என்பதை இந்த எண் மறைக்காமல் சொல்லிவிடும். மைலேஜையும் இதேபோல், டாங்கியை விளிம்பு வரை நிரப்பி, குறைந்தது 200 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே பங்கில் அதே விளிம்புக்கு நிரப்பிக் கணக்கிட வேண்டும். அரை லிட்டர் ஊற்றி வண்டி நிற்கும் வரை ஓட்டிப் பார்க்கும் கணக்கை நம்புவதற்கில்லை.

டயரைப் பற்றி நீண்ட உபதேசம் தேவையில்லை. பல 100 சி.சி. வண்டிகளுக்கு முன்னால் 25 பவுண்டும், தனியாக ஓட்டும்போது பின்னால் 28 பவுண்டும், பின்னால் ஒருவர் அமர்ந்தால் அதற்கும் மேலே சில பவுண்டுகளும் என்பது வழக்கம். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய சீட்டிலோ அச்சிட்டிருக்கும். டயர் பஞ்சராகாமலே மாதத்துக்கு ஓரிரு பவுண்டு காற்று இறங்குவது இயல்பாகையால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் அளப்பது நல்லது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதில் செலவாகும் சக்தி வெப்பமாகப் போகிறது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டயரைத் தொட்டால் அந்தச் சூடு கைக்குத் தெரியும்.

அடுத்தது பிரேக். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைச் சுழற்றினால் அது தயக்கமின்றிச் சில சுற்றுகளாவது சுற்ற வேண்டும். இடையில் ஓரிடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் தவறியிருக்கலாம், முழுச் சுற்றிலும் உரசினால் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. பெடலை மிதிக்கத் தொடங்கி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை உள்ள வெற்று ஓட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும்படி கம்பியின் நட்டைத் திருப்பி வைக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி முன் சக்கரத்தையும் இவ்வாறே சோதியுங்கள். நட்டு சரியாயிருந்தும் உரசல் நீங்கவில்லையென்றால், டிரம்முக்குள் ஷூவை விரிக்கும் அச்சு துருப்பிடித்துத் திரும்பி வர மறுக்கிறது என்று பொருள். மழைக்காலம் முடிந்தபின் இது சாதாரணமாக நேர்வது. சக்கரத்தைக் கழற்றி, அந்த அச்சை உருவி, துருவை நீக்கி, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவிப் போட்டால் போதும். கிரீஸ் ஒரு துளிகூட ஷூவின் மேலோ டிரம்மின் உட்புறத்திலோ படக் கூடாது. உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவதும் தகாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

இனிச் செயின். மோட்டார் சைக்கிளின் அங்கங்களில் இவ்வளவு உழைத்து, இவ்வளவு உதாசீனத்துக்கு ஆளாவது வேறொன்றும் இல்லையென்பது என் திடமான அபிப்பிராயம். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ல் வகுத்த உருளைச் செயினின் அமைப்பே இன்றளவும் பெரிய மாறுதலின்றி நம் வண்டிகளில் ஓடுகிறது. நன்றாக எண்ணெயிட்ட செயின், தன்னிடம் வந்த சக்தியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்றதைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதே செயின் புழுதியும் பழைய எண்ணெயும் குழைந்த கறுப்புச் சேற்றில் ஓடும்போது, ஒவ்வொரு கணுவும் மடங்கி நிமிரும் தடவையெல்லாம் மணல் அரைபட்டு, சக்தியும் போகிறது, உலோகமும் போகிறது.

சுத்தம் செய்வதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஏற்றவை. ரப்பர் வளையம் பொருத்திய செயினாயின் பிரஷ் மிருதுவாயிருக்கட்டும். பெட்ரோலை உபயோகிப்பது தீவிபத்துக்கும் இடம், ரப்பர் வளையங்களுக்கும் கேடு. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சக்கரம் சுழலும்போது செயினைத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் இழுபட்டுத் துண்டாகிவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சுத்தமான செயின் உலர்ந்தபின், 90 எண் கியர் ஆயிலை அதன் உட்பக்கத்தில், உருளைகளுக்கும் பட்டைகளுக்கும் நடுவிலுள்ள இடுக்குகளில் துளித்துளியாக விட்டு, சிறிது நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இரவில் எண்ணெயிட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். எண்ணெய் உள்ளே இறங்க அவகாசம் கிடைக்கும்.

தளர்வை அளக்கும்போது செயினின் கீழ்ப்பாதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருப்பது பெரும்பாலான சிறு வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரே இடத்தில் அளந்து திருப்தியடைந்துவிடாமல், சக்கரத்தைக் கால் சுற்றாக உருட்டி நான்கைந்து இடங்களில் அளந்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே இந்த அளவு கிடைக்கும்படி வையுங்கள். ஏனெனில் செயின் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்வதில்லை. தளர்ந்த செயினைவிட மிக இறுகிய செயின் அதிகத் தீங்கு செய்கிறது. இருவர் அமர்ந்து வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அது மேலும் இறுகி, கியர் பெட்டியின் பேரிங்கையே இழுக்கிறது. இரு பக்கமும் அட்ஜஸ்டரை ஒரே அளவு திருப்பி, இரு புறத்து அடையாளக் கோடுகளும் ஒத்திருப்பதைக் கண்டு, ஆக்ஸில் நட்டை முழுவதும் இறுக்கி, அதன் பிறகு, என் வண்டிக்கு நேர்ந்ததை நினைவில் வைத்து, பின் பிரேக்கின் கம்பியை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். செயினை இணைக்கும் கிளிப்பைக் கழற்ற நேர்ந்தால், மீண்டும் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லின் பாதிக்குமேல் வெளியே தெரிகிறதென்றால், எண்ணெயிடுவதில் பிரயோஜனமில்லை. செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதியதும் சீக்கிரத்தில் பழையதாகிவிடும்.

கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்கட்டும். அது அறவே இல்லாவிட்டால் கிளட்ச் தட்டுகள் முழுவதும் ஒட்டாமல் வழுக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது எஞ்சின் சத்தம் உயர்ந்து வேகம் உயராமலிருப்பது இதன் அறிகுறி. கேபிளைச் சரிசெய்தும் வழுக்கல் தொடர்ந்தால், உள்ளே ஊற்றியிருக்கும் ஆயிலைச் சந்தேகியுங்கள். நம் வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவதால், உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் பிடிப்பை இழக்கின்றன. டப்பாவின் மேல் ‘ஜாஸோ எம்.ஏ.’ என்ற முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவதே இதற்குப் பரிகாரம். கெட்டியான ஆயில் எஞ்சினைக் காக்கும் என்று எண்ணி, கையேடு சொல்வதைவிடக் கனத்த ஆயிலை ஊற்றுவோர் பலர். காலையில் வண்டி கிளம்பச் சிரமப்படுவதும், இழுவை குறைவதுமே அதன் பலன். ஆயில் குச்சியின் மேல் கோட்டுக்கு மேலே நிரப்புவதும் அவ்வாறே வீண்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் பதினைந்து பங்குக்குச் சற்றே குறைந்த காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சிறிது குறைவாக எடையுள்ளதாகையால், அதற்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோ. கன அளவில் ஏறத்தாழ 9,000 லிட்டர். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும், வீட்டுக் கூரையின் மேலுள்ள ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டியைப் போல் ஒன்பது தொட்டிக் காற்று அந்தச் சிறிய ஏர் ஃபில்டரின் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். செம்மண் சாலையில் முன்னே போகும் லாரியின் புழுதியில் ஒரு மாதம் ஓடிய ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கும் என்பதை இதைக்கொண்டு ஊகித்துக்கொள்ளலாம். காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்தால் வண்டி கறுப்புப் புகை விடும்; முறுக்கினால் தயங்கும்.

ஃபில்டர் பஞ்சு வகையாயின் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கிடையே அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்து, மறுபடி அமுக்கி மிகுதியை வெளியேற்றிப் போட வேண்டும். உலர்ந்த காகித வகையை மெல்லத் தட்டி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துத் தூசியை உதிர்க்கலாம். ஆனால் இக்காலத்து வண்டிகள் பலவற்றில் வருவது எண்ணெய்ப் பசையேற்றிய காகிதம்; அதைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டியதுதான். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் ‘பிக்கப்’ கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. சில நாள் அப்படித் தோன்றவும் கூடும். அந்த நாட்களில் உள்ளே போகும் மணல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்து, கம்ப்ரஷனையே கரைத்துவிடும். போன கம்ப்ரஷனை வீட்டில் எவராலும் மீட்க முடியாது.

ஸ்பார்க் ப்ளக்கை நான் எஞ்சினின் நாக்கு என்று கருதுகிறேன். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல அதன் நுனியைப் பார்த்தே உள்ளே நடப்பதை ஓரளவு அறியலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், நிமிடத்துக்கு 3,000 தடவை இந்த நுனியில் பிறக்கும் பொறிதான் கலவையைப் பற்றவைக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ப்ளக்கைக் கழற்றுங்கள். ஹெட் அலுமினியமாதலால் சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரக்கூடும். கழற்றுமுன் அதன் பள்ளத்தில் தேங்கிய மண்ணை ஊதிவிட வேண்டியதும் அவசியம். நுனியின் பீங்கான் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால் எல்லாம் க்ஷேமம். உலர்ந்த கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று அடைப்பு. ஈரமான எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது. அது பட்டறைக்குரிய வியாதி. சுண்ணாம்பாக வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது. கறுப்பைவிட இந்த வெளுப்புக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். வீட்டு வாசலில் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பார்க்கும் நிறம் நம்பத்தக்கதல்ல. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வழக்கமான வேகத்தில் ஓட்டி வந்து நிறுத்தி, ஆறவிட்டுப் பாருங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, வளைந்த முனையை மட்டும் மெதுவாகத் தட்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொணர்ந்து, முதலில் விரலாலேயே கடைசி வரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். புது ப்ளக்காயின் அரைச் சுற்று. பழையதாயின் அதிற் பாதியும் வேண்டாம்.

டேப்பெட் வேலையைக் கைப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும் செய்க. எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், பக்கவாட்டு மூடிகளைத் திறந்து, ஃப்ளைவீலின் ‘டி’ அடையாளம் எதிர்க் கோட்டோடு ஒன்றும்படி திருப்பி, இரண்டு ராக்கர்களும் சற்றே அசைவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அசையாவிட்டால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் அல்ல, இன்னும் ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். இடைவெளி பல சிறு எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பாகம்தான்; கேஜின் தகடு சிறு தடையோடு நுழைந்து வர வேண்டும். டேப்பெட் சத்தம் காதுக்குப் பிடிக்கவில்லை என்று அதை முழுக்க இறுக்கச் சொல்பவர்களைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். இறுகிய வால்வு முழுதும் மூடாது. மூடாத வால்வின் விளிம்பு வழியே நெருப்பு கசிந்து அதன் இருக்கையையே எரித்துவிடும். மெல்லிய டிக்டிக் ஓசை இருப்பது எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு விரோதமல்ல.

சைலென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் சைலென்சரின் உட்குழாயில் கரி படிந்து மூச்சை அடைக்கும். அதை உருவிச் சுரண்டுவது அவ்வண்டிகளுக்கு மெய்யான சிகிச்சை. அந்தப் பழைய நினைவில் நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் சைலென்சரைத் துளைப்பதும் வெட்டுவதும் சத்தத்தைத்தான் கூட்டும், இழுவையைக் கூட்டாது. சட்டத்துக்கும் அது விரோதம், தெருவில் உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் செய்யும் துரோகமும்கூட.

இவ்வளவும் முடிந்த பின்பே கார்புரேட்டர். முதலில் அடிக்கிண்ணத்தின் வடிகுழாய்த் திருகைத் தளர்த்தி, அங்கே தேங்கிய பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே முத்துப் போல் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் இயல்புடையதாதலால், மழைக்காலத்தில் பல நாள் நின்ற வண்டிக்கு இந்த வடிப்பு ஒன்றே மருந்தாவதுண்டு. பிறகு, வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, கலவைத் திருகை முழுவதும் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்புங்கள். வழி தவறினால் திரும்பி வருவதற்கு அந்த எண் வேண்டும். அத்திருகு கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர்ப் பக்கத்தில் இருந்தால் காற்றை ஆள்வது, வெளியே திருப்பினால் கலவை நீர்க்கும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் பெட்ரோலை ஆள்வது, வெளியே திருப்பினால் கலவை கனக்கும். கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் எந்த இடத்தில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, பின்னர் ஐட்லிங் திருகால் வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுக்கு இறக்க வேண்டும். மைலேஜுக்காக இதை இன்னும் நீர்க்கவிட ஆசை பிறக்கும்; சில நாள் கழித்து ப்ளக்கைக் கழற்றினால், முன் சொன்ன அந்தச் சுண்ணாம்பு வெளுப்பு அங்கே காத்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் அதே சாலைக்குச் சென்று, அதே கம்பத்தருகில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தளர்த்தி, செயினைக் கழுவி, டயருக்குக் காற்றடித்ததற்கு முன் ஐந்தாவது கம்பத்தைத் தாண்டியதும் நின்றுவிட்ட என் வண்டி, அதன்பின் ஏழாவது கம்பத்தைக் கடந்து, அதற்கப்பாலிருந்த சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் வரை சென்று நின்றது. அந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கொருமுறை இதே பரீட்சையைச் செய்து வாருங்கள். கம்பம் ஒன்று குறைந்தால், பட்டறைக்குக் கிளம்புமுன் சென்டர் ஸ்டாண்டைப் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.